அரண்மனைச் சுவரில் மூன்று ஓட்டைகள்

எனக்கு நாற்பத்தேழு வயதில் ஓர் அரண்மனை கிடைத்தது. நூற்றுப் பன்னிரண்டு அறைகள், இரண்டு பெரிய படிக்கட்டுகள், ஒரு நடன மண்டபம், சொந்தமாக ஒரு தேவாலயம், மனிதர் வீட்டைவிட வசதியான குதிரை லாயம். அதற்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் மூன்று வருடங்கள், விட்பியிலிருந்து காலை ரெயின் பிடித்து வந்து, ரொறன்ரோ டவுன்ரவுணில் ஒரு பழைய செங்கல் கட்டிடத்தின் நாலாம் மாடியில் குந்தியிருந்து, அதை அங்குலம் அங்குலமாகப் படம் கீறினேன். எந்தப் படி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த வீட்டைக் கட்டிய இளவரசருக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. அவருக்கு வேறு வேலைகள் இருந்தன.

நான் படவரைஞர். கட்டிடக் கலைஞர்கள் கையை வீசிச் சொல்வதை அளவு பிசகாத கோடுகளாக மாற்றிக் கொடுப்பவள். எங்கள் நிறுவனம் பழைய கட்டிடங்களைக் காப்பாற்றுவதில் பெயரெடுத்தது. பழைய வங்கியோ பழைய பள்ளிக்கூடமோ, முகப்பை மட்டும் விட்டுவைத்துவிட்டு அதற்குப் பின்னால் நாற்பது மாடி எழுப்ப விரும்புகிறவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். முகப்பைக் காப்பாற்றியதற்காக எங்களுக்கு விருது தருவார்கள். பின்னால் இருந்ததற்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். பனி கொட்டும் நாளிலும் சைக்கிளில்தான் வருவார். "கட்டிடங்கள் எங்களோடு கதைக்கின்றன, நாங்கள்தான் காது கொடுப்பதில்லை" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். இருபது வருடம் அவரிடம் வேலை செய்கிறேன். ஒரு கட்டிடமும் என்னோடு கதைத்ததில்லை. சில கட்டிடங்கள் என்னை இருமப் பண்ணியிருக்கின்றன. அது பூஞ்சணம்.

மத்திய ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டில் இருக்கும் அரண்மனை ரொறன்ரோவுக்கு எப்படி வந்தது என்றால், ஒரு பணக்காரர் மூலம் வந்தது. சின்ன வயதில் அந்த நாட்டிலிருந்து தாய் தகப்பனோடு ஓடிவந்தவர். இங்கே மாடிவீடுகள் கட்டிப் பெரிய ஆளானார். தன் முன்னோர் அந்த அரண்மனையில் இருந்தவர்கள் என்று சொல்வார். என்னவாக இருந்தார்கள் என்று சொல்லமாட்டார். போரில் அடிபட்டுக் கிடந்த அந்தக் கட்டிடத்தைத் திருத்த அவர் பெரிய நன்கொடை கொடுத்தார். வரைபடங்களைத் தன்னுடைய நகரத்து நிறுவனம்தான் செய்யவேண்டும் என்று ஒரேயொரு நிபந்தனை வைத்தார். அந்த நாட்டில் படம் கீறத் தெரிந்தவர்கள் இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நன்கொடை தருகிறவரிடம் எதையும் கேட்கிற வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

அரண்மனை பரோக் என்ற பாணியில் கட்டப்பட்டது. அந்தப் பாணியை எனக்கு முதலாளி இரண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். நான் விளங்கிக்கொண்டது இதுதான்: சுவரில் ஒரு சாண் இடம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. வெறுமையான இடம் கண்ணில் பட்டால் உடனே ஒரு சுருள், ஒரு சங்கு, ஒரு திராட்சைக் குலை. அதுவும் போதாவிட்டால், சாந்தில் செய்த, செட்டை முளைத்த, கொழுத்த குழந்தை ஒன்று. ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் கலியாணம் செய்கிற மண்டபங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரே வித்தியாசம், அரண்மனையில் குழந்தைகள் சாந்து. இங்கே பிளாஸ்ரிக்.

அதன் வரலாறு எல்லா அரண்மனைகளின் வரலாறுதான். இளவரசர் தன் மைத்துனரின் மாளிகையைவிடப் பெரிதாகக் கட்டவேண்டும் என்று தொடங்கினார். முடிப்பதற்குள் செத்துப்போனார். மகன் முடித்தார். பேரன் சூதாடி அடகு வைத்தார். பிறகு ஒரு படை வந்து கதிரைகளை விறகாக்கிக் குளிர் காய்ந்தது. அடுத்த படை வந்து நடன மண்டபத்தில் குதிரைகளைக் கட்டியது, இவ்வளவுக்கும் பக்கத்திலேயே அந்த வசதியான லாயம் இருந்தது. பெரிய போரில் ஒரு பக்கத்தார் அதை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள், மற்றப் பக்கத்தார் குண்டு போட்டார்கள், மேற்குப் பகுதி இடிந்து விழுந்தது. போர் முடிந்ததும் வந்த அரசாங்கம் இளவரசர்களை ஒழித்துவிட்டு, அந்த இடத்தில் விவசாயப் பள்ளிக்கூடம் ஒன்றையும் உருளைக்கிழங்குக் களஞ்சியம் ஒன்றையும் வைத்தது. அந்த அரசாங்கமும் போனபின் முப்பது வருடமாகப் புறாக்கள் குடியிருந்தன. இத்தனை பேரிலும் கட்டிடத்துக்குக் குறைந்த சேதம் செய்தவை புறாக்கள்தான்.

நேரில் போய் அளந்தவர் எங்கள் ஸ்கான் பொறியியலாளர். சென்னைக்காரர், முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரர். கீறுகிறவள் போகத் தேவையில்லை, படங்களைப் பார்த்தால் போதும் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். ஆறு கிழமை லேசர் கருவியோடு அலைந்துவிட்டுத் திரும்பி வந்தவரிடம் அரண்மனை எப்படி என்று கேட்டேன்.

"சூப்பரா இருக்குக்கா. ஆனா பாத்ரூம் ஒண்ணுமே இல்ல. நூத்திப் பன்னெண்டு ரூம், ஒரு பாத்ரூம் கூட இல்ல. அந்தக் காலத்துல எங்க போவாங்கன்னு யார் கிட்டயும் கேக்க முடியல."

நடன மண்டபத்துச் சீலிங்கில் முப்பத்தொரு சாந்துக் குழந்தைகள் இருந்தன. பத்தொன்பதுக்கு முகம் இல்லை. குண்டு அதிர்ச்சியில் உதிர்ந்தவை சில, விவசாயப் பள்ளிக்கூட மாணவர்கள் கிழங்கால் எறிந்து விழுத்தியவை சில. பழைய படங்கள் எதுவும் இல்லை. தெரியாத ஒன்றை இட்டுக்கட்டிச் செய்யக்கூடாது என்பது எங்கள் தொழிலின் தருமம். முகம் வேண்டும் என்பது நன்கொடையாளரின் விருப்பம். நாலு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில், முகம் இருந்த இடத்தில் கண் மூக்கு இல்லாத வழவழப்பான உருண்டை வைப்பதென்று தீர்ந்தது. முதலாளி அதை நேர்மையான தீர்வு என்றார். நான் பத்தொன்பது முட்டைகள் கீறினேன். செட்டை முளைத்த முட்டைகள் இன்றைக்கும் அங்கே பறந்துகொண்டிருக்கின்றன.

அதற்குப் பிறகுதான் ஓட்டைகளின் பிரச்சினை வந்தது.

பெரிய படிக்கட்டில் ஏறினால் முதல் திருப்பத்தில் ஓர் உயரமான வெளிச்சுவர் உண்டு. அதில் மூன்று ஓட்டைகள். ஒன்று தலை நுழைகிற அளவு, மற்ற இரண்டும் கை நுழைகிற அளவு. நன்கொடையாளர் அவற்றை அடைத்துப் பூசி, பொன்முலாம் இட்டுப் பழையபடி ஆக்கவேண்டும் என்றார். முதலாளி முடியாது என்றார். போர் நடந்ததற்கு அந்தச் சுவர் சாட்சி, சாட்சியின் வாயை அடைக்கக்கூடாது என்று ஏழு பக்கத்தில் எழுதினார். அரண்மனையின் காப்பாளர், அறுபது கடந்த ஒரு பெண்மணி, இரண்டு வரியில் பதில் போட்டார்: "எதையாவது செய்யுங்கள். ஆனால் பனிக்காலத்துக்கு முன் முடிவு சொல்லுங்கள்." யாரும் சொல்லவில்லை. ஒரு பனிக்காலம் போனது. எட்டு மாதம் அந்த மூன்று ஓட்டைகளுக்காக வேலை நின்றது. சாரம் கட்டியவர்கள் சாரத்தில் இருந்து சீட்டாடினார்கள் என்று காப்பாளர் எழுதினார்.

ஒருநாள் காலை முதலாளி என் மேசைக்கு வந்தார். இருபது வருடத்தில் அவர் என் மேசைக்கு வந்ததெல்லாம் பிரின்ரர் வேலை செய்யாதபோதுதான். இந்தமுறை குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர் அல்லவா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் திருத்தினேன்.

"நாளைக் கூட்டத்துக்கு நீங்களும் வரவேண்டும். உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்."

இருபது வருடமாக என் குரல் எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் அடுத்த நாள் நல்லதாக ஒரு சேர்ட் போட்டுக்கொண்டு போனேன்.

நீள மேசையின் ஒரு தலைப்பில் நன்கொடையாளர், மறு தலைப்பில் முதலாளி. சுவரில் இருந்த பெரிய திரையில் காப்பாளர். அங்கே பின்னேரம் என்பதால் அவர் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தார். சென்னைப் பொறியியலாளர் கொம்பியூட்டரில் ஓட்டைகளைப் பெரிதாக்கிக் காட்டினார். நன்கொடையாளர் பொன்முலாம் என்றார். முதலாளி சாட்சி என்றார். ஒரு மணித்தியாலம் பொன்முலாமும் சாட்சியும் மாறி மாறி மேசையைக் கடந்தன. பிறகு முதலாளி கையை உயர்த்தினார்.

"இந்த அறையில் போரை நேரில் கண்டவர் ஒருவர் இருக்கிறார்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சென்னைக்காரர்கூடப் பார்த்தார், ஏதோ நான் இவ்வளவு காலமும் மறைத்து வைத்திருந்ததுபோல.

போரைக் கண்டவர் என்றால் ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும். எனக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. வந்தது எங்கள் குசினிச் சுவர்தான். எனக்குப் பதினாலு வயதில் பக்கத்து வளவில் ஒரு ஷெல் விழுந்தது. சிதறிய துண்டொன்று எங்கள் குசினிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, அடுப்புக்கு மேல் தொங்கிய அகப்பைகளை விழுத்திவிட்டுப் போனது. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சொன்னேன். பிறகு, "எங்கட அப்பா அடுத்த கிழமையே அந்த ஓட்டையைச் சீமெந்து போட்டு அடைச்சிட்டார். மழை வரும் எண்டார்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான். ஓட்டை என்றால் அடைக்கத்தான் வேண்டும், இதற்கு ஏன் இவ்வளவு கதை என்ற கருத்தில்தான் சொன்னேன். நன்கொடையாளருக்குச் சாதகமாகப் பேசிவிட்டேனே, முதலாளி கோபிக்கப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"மழை வரும்" என்று மெதுவாகச் சொன்னார். "மழை வரும்."

நன்கொடையாளரும் மேசையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். அந்த நிமிடம் அவர்கள் இருவரும் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எட்டு மாதச் சண்டை பத்து நிமிடத்தில் தீர்ந்தது. ஓட்டைகளை அடைப்பதில்லை. உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி போட்டு மூடுவது. மழையும் வராது, சாட்சியும் இருக்கும். சுற்றிவரப் பொன்முலாம் பூசலாம். பக்கத்தில் ஒரு வெண்கலப் பலகையில் என்னுடைய வசனம்: "என் அப்பா அடுத்த கிழமையே அந்த ஓட்டையை அடைத்தார். மழை வரும் என்றார்." கீழே, பெயருக்குப் பதிலாக, போரைக் கண்ட ஒரு படவரைஞர். மூன்று மொழிகளில் எழுதுவார்கள். தமிழ் அந்த மூன்றில் இல்லை. அப்பா அந்த வசனத்தை எந்த மொழியில் சொல்லியிருப்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

திரையில் காப்பாளர், "அப்படியென்றால் நாளைக்குக் கண்ணாடிக்காரனைக் கூப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ரெயினில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஊர் பேர் தெரியாத இளவரசர் வீட்டை ஆயிரக்கணக்கான தாள்களில் கீறிவிட்டேன். நான் பிறந்த வீட்டுக்கு ஒரு துண்டுத் தாளில்கூடப் படம் இல்லை. பையில் இருந்த ஒரு பழைய வரைபடத்தின் பின்பக்கத்தில் தொடங்கினேன். விறாந்தை வந்தது. சாமியறை வந்தது. குசினிக்கு வந்தபோது, பென்சில் தயங்கியது. யன்னல் எந்தப் பக்கம்? பின்கதவு கிணற்றைப் பார்த்ததா, மாட்டுக் கொட்டிலைப் பார்த்ததா? அரண்மனையின் லாயத்துக் கதவுப் பிணைச்சல்கள் எத்தனை என்று கேட்டிருந்தால் நித்திரையிலும் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு ஸ்காபரோவில் இருக்கும் மல்வேர்னுக்குப் போனேன். அக்கா அங்கே ஒரு ரவுண்ஹவுஸில் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். முதியோர் இல்லத்தில் வேலை, கிழமையில் ஆறு நாள். ஏழாம் நாளும் நின்றபடிதான் இருப்பாள், இருக்கப் பழக்கம் இல்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஆற்ற வீடு?"

"எங்கட வீடு."

"எங்கட வீட்டில சாமியறை இந்தப் பக்கம் இல்லை. உனக்கு விசரே? நீ கீறியிருக்கிற இடத்தில சாமியைக் கும்பிட்டால் கக்கூசைப் பாத்துக் கும்பிட்டமாதிரி இருக்கும்."

சிவப்புப் பேனாவை எடுத்துச் சாமியறையை வெட்டினாள். யன்னல்களை வெட்டினாள். பின்கதவை இடம் மாற்றினாள். இருபது வருட அனுபவம் உள்ள படவரைஞரின் படத்தில் ஒரு சுவர் மிச்சம் இருந்தது.

"அந்த ஓட்டை எதில இருந்தது? அதெண்டாலும் எனக்கு ஞாபகம் சரிதானே? அப்பா அடைச்ச ஓட்டை" என்றேன்.

அக்கா பேனாவை வைத்தாள்.

"அப்பா அடைச்சவரோ?"

"ஓம். அடுத்த கிழமை. சீமெந்து போட்டு."

"எடியே, ஷெல் விழுந்து இரண்டாம் நாள் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டம். அடுத்த கிழமை நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து மேசைக்குக் கீழ படுத்திருந்தம். அதோட, அப்ப சீமெந்துக்குத் தடை. ஒரு பிடி சீமெந்து கிடையாது. அப்பா எங்க போய் வாங்கினவர்?"

அவள் சொன்னதும் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. சீமெந்துத் தடை எனக்குத் தெரியாததல்ல. மெழுகுதிரியும் பற்றரியும் சீமெந்தும் கிடைக்காத காலம் அது. கூட்டத்தில் கதை சொல்லும்போது அது எங்கே போய் ஒளிந்தது?

"ஆனால் ஓட்டை அடைச்சுத்தானே இருந்தது? நான் பாத்தனான். வழுவழுப்பாப் பூசியிருந்தது."

"ஓம், நாங்கள் ஏழு மாசம் கழிச்சுத் திரும்பி வரேக்க பூசியிருந்தது. ஆமிக்காரன் பூசினவன். அவங்கள்தானே எங்கட வீட்டில இருந்தவங்கள். எங்கட குசினியில நிண்டு சமைச்சது அவங்கள். மழை அவங்களுக்கெல்லோ பெய்தது."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அம்மா திரும்பி வந்த அன்று அந்தப் பூச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பிறகு ஒருநாளும் சமைக்கவில்லை என்று அக்கா சொன்னாள். அடுப்பை மாற்றி வைத்தாளாம். அதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் அடைத்த ஓட்டை மட்டும் இருந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு மேசனைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டி இருந்திருக்கிறது. கைக்கு எட்டியவர் அப்பா.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பலகை வார்க்கக் கொடுத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை முதலாளியிடம் போனேன். நான் சொன்னது தவறு, ஓட்டையை அடைத்தவர்கள் எங்கள் வீட்டைப் பிடித்து வைத்திருந்த சிப்பாய்கள், பலகையை மாற்றவேண்டும் என்றேன். அவர் சைக்கிள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். தெரியாத முகத்தை இட்டுக்கட்டக் கூடாதென்று பத்தொன்பது முட்டை கீற வைத்தவர்.

"உண்மையில் இரண்டு வகை இருக்கிறது" என்றார். "ஒன்று நடந்த உண்மை. மற்றது உணர்வின் உண்மை."

"என்னிடம் இருந்தது மூன்றாவது வகை" என்றேன். "பிழை."

அவர் என் தோளில் தட்டி, என் நேர்மை தன்னை நெகிழ வைப்பதாகச் சொன்னார். பலகையைப் பற்றிப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்து சென்னைக்காரரிடம் புலம்பினேன். அவர் முதலாளியின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கதிரையை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, அப்போ நானும் ஒண்ணு சொல்லிடறேன். மூணாவது ஓட்டை இருக்குல்ல, வலது பக்கம்? அது போர்ல வந்தது இல்ல."

திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மற்ற இரண்டும் பல்லுப்போன வாய்போலப் பிய்ந்திருந்தன. மூன்றாவது அச்சில் வார்த்த வட்டம்.

"காம்பஸ் வச்ச மாதிரி இருக்கு பாருங்க. எந்த குண்டும் இப்படி நீட்டா துளைக்காது. ட்ரில் போட்டிருக்காங்க. அறிக்கைல எழுதினேன். சார் படிச்சிட்டு, 'சந்தேகத்துக்குரியது'ன்னு மாத்திட்டாரு. அப்புறம் கடைசி அறிக்கைல அந்த வரியே காணோம்."

இப்படியாக, மூன்று ஓட்டைகளில் ஒன்று பொய், அதன் பக்கத்துப் பலகையும் பொய். மூன்று வருட உழைப்பில் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

இலையுதிர் காலத்தில் காப்பாளர் ரொறன்ரோவுக்கு வந்தார். நன்கொடையாளர் அவருக்கு விருந்து வைத்தார். அது முடிந்த அடுத்த நாள் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கீறியவள் யார் என்று கேட்டு என்னைத் தேடிப் பிடித்தார். மத்தியானம் கீழே இருந்த சூப் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரையில் பார்த்ததைவிடக் குள்ளமானவர். கை மட்டும் பெரிய, வேலை செய்த கை. சாப்பிடத் தொடங்கிய உடனேயே இரண்டையும் சொல்லிவிட்டேன், வட்ட ஓட்டையையும் அப்பாவையும்.

அவர் கரண்டியை வைக்கவில்லை.

"வட்ட ஓட்டை எனக்குத் தெரியும்" என்றார். "நான் அந்த விவசாயப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கிழங்கு அழுகாமல் இருக்கக் காற்றுக் குழாய் வைத்தார்கள். துளைத்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்."

"தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள்?"

"உங்கள் முதலாளி அதற்கு ஏழு பக்கம் எழுதிவிட்டார். அது கிழங்குக் குழாய் என்று சொன்னால் எழுபது பக்கம் எழுதுவார். அதற்குள் இன்னொரு பனிக்காலம் போகும். எனக்குக் கூரை வேண்டும்."

அவரும் எட்டு மாதம் காத்திருந்தவர். நன்கொடையாளரின் முன்னோர் அங்கே என்னவாக இருந்தார்கள் என்று கேட்டேன். தேனீ வளர்த்தவர்கள் என்றார். நல்ல தேன் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்களாம். அதைப்போய் ஏன் மறைக்கிறார் என்று அவருக்கும் விளங்கவில்லை.

பிறகு அவர் கேட்டார்: "உங்கள் வீட்டு ஓட்டையை அந்தச் சிப்பாய்கள் நன்றாகப் பூசியிருந்தார்களா?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்தேன். "நன்றாகத்தான் பூசியிருந்தார்கள்" என்றேன். "ஒரு வெடிப்பு இல்லை."

"அந்தப் பெரிய படிக்கட்டு விழாமல் நிற்பதற்குக் காரணம் எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த படையின் பொறியியலாளன் ஒருவன். குண்டு போட்ட அடுத்த நாள் மரத்தாங்கி வைத்தான். என் தகப்பனாரின் அண்ணனைச் சுட்டதும் அதே படைதான். தாங்கி அருமையான வேலை. அதை எந்தப் பலகையில் எழுதுவது?"

அவர் மிச்சச் சூப்பைப் பாண் துண்டால் துடைத்துச் சாப்பிட்டார். கோப்பை கழுவினமாதிரி இருந்தது. எழும்பும்போது, "உங்கள் தகப்பனாரைப் பலகையில் விட்டுவிடுங்கள்" என்றார். "அவர் சொன்ன பிறகுதான் இவர்கள் இரண்டு பேரும் வாயை மூடினார்கள்."

அடுத்த வசந்தத்தில் அரண்மனையைத் திறந்தார்கள். முதலாளி போனார், நன்கொடையாளர் போனார், அமைச்சர் ஒருவர் நாடா வெட்டினார். கீறியவளும் அளந்தவரும் நாலாம் மாடியில் கேக் வெட்டினோம். நூற்றுப் பன்னிரண்டு அறைகளில் இருபது இப்போது ஹோட்டல் என்றும், நடன மண்டபத்தைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்றும் அறிந்தேன். பாத்ரூம் வைத்துவிட்டார்கள்.

காப்பாளர் எனக்குப் பலகையின் படத்தை அனுப்பினார். கண்ணாடிக்குள் மூன்று ஓட்டைகள், சுற்றிவரப் பொன்முலாம், பக்கத்தில் வெண்கலத்தில் அப்பா. அதை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே ரெலிபோன் அடித்தது.

"என்னடி எழுதியிருக்கு? எழுத்துத் தெரியேல்லை."

வாசித்துக் காட்டினேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்லமுடியாத ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

"மாத்தச் சொல்லிக் கேட்டனான் அக்கா. கேக்கினமில்லை."

"விடடி. அந்த மனுசன் உயிரோட இருக்கேக்க ஒரு ஆணி அடிச்சதில்லை. பல்ப் மாத்தவும் முன்வீட்டு அண்ணையைத்தான் கூப்பிடுவார். அரண்மனையிலயாவது மேசன் வேலை செய்தவரா இருக்கட்டும்."

அவள் படத்தைக் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போட்டாள். பாரிஸில் இருந்து பூக்கள் வந்தன. சிட்னியில் இருந்து கைகூப்பல்கள் வந்தன. எங்கள் வீட்டு நடப்பு எதுவுமே தெரியாத ஒரு மச்சாள், மாமா எப்போதும் அப்படித்தான், ஒரு வேலையையும் நாளைக்கென்று வைக்கமாட்டார் என்று எழுதினாள். கடைசியில் லண்டனில் இருந்து சித்தப்பா எழுதினார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமத்துவார். "அண்ணையின்ர கைவேலையை நான் மறக்கேலுமோ? அந்தச் சீமெந்துப் பையைச் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்து குடுத்தது நான்தான். அண்டைக்கு நல்ல மழை."

ஒரு நிமிடத்தில் அக்கா திரும்பவும் எடுத்தாள்.

"சித்தப்பா அப்ப லண்டனுக்குப் போய்ப் பத்து வருசமெல்லோ?"

"ஓம்" என்றேன். "பதினொண்டு."

"அப்ப என்ன செய்யிறது?"

இருவரும் ரெலிபோனை வைக்காமலே குழுவைத் திறந்தோம். பிறகு அக்கா சித்தப்பாவின் செய்திக்கு ஒரு கைகூப்பல் போட்டாள். நானும் போட்டேன்.